கதவும் படியும்

ஊர்ப் பொதுவில் ஒரு நூலகம் எழுப்பப்பட்டிருப்பதாக வைத்துக்கொள்ளலாம். அதற்குக் காவலாளி இல்லை; கட்டணம் இல்லை; கதவுக்குப் பூட்டும் இல்லை. எந்நேரமும் எவரும் நுழையலாம், எந்நூலையும் எடுத்துப் படிக்கலாம், படியெடுத்துப் பிறர்க்கும் வழங்கலாம் என்று வாயிலில் எழுதியும் வைத்திருக்கிறார்கள். ஆனால், அக்கட்டடம் ஆளுயர மேடையின்மீது நிற்கிறது. ஏறுவதற்குப் படிகள் இல்லை. உடல் வலிமை மிக்க இளைஞர்கள் தாவி ஏறிவிடுகிறார்கள். முதியவரும் சிறுவரும் கீழே நின்று அண்ணாந்து பார்க்கிறார்கள். “கதவு திறந்துதானே இருக்கிறது? வர விரும்புகிறவர் தாவக் கற்றுக்கொள்ளட்டும்” என்கிறார்கள் மேலே இருப்பவர்கள். “எல்லாருக்கும் பொது என்று எழுதி வைத்தீர்களே; எங்களுக்கு எப்படிப் பொதுவாகும்?” என்று கேட்கிறார்கள் கீழே நிற்பவர்கள். இவ்விரு சாராருள் நியாயம் யார் பக்கம் இருக்கிறது?

இது வெறுங்கற்பனைக் கேள்வி அன்று. கட்டற்ற இயங்குதளங்களைப் பற்றி ஏறத்தாழ முப்பது ஆண்டுகளாக நடந்துவரும் வழக்கே இது.

இயங்குதளம் என்பது கணினியின் உறுப்புகள் அனைத்தையும் ஆட்சி செய்யும் அடிப்படை மென்பொருள். விசைப்பலகையில் தட்டிய எழுத்து திரையில் தோன்றுவதும், எழுதிய கோப்பு அழியாமல் சேமிக்கப்படுவதும், அச்சுப்பொறி தாளை உள்ளிழுப்பதும் அதன் ஆணையால் நிகழ்வன. மேசைக் கணினிகளுள் பெரும்பாலானவற்றில் இருப்பது விண்டோஸ். அது ஒரு நிறுவனத்தின் உடைமை. அதன் மூலநிரலைப் பொதுமக்கள் காணவும் இயலாது, திருத்தவும் இயலாது. லினக்ஸ் என்னும் கருவைக் கொண்டு எழுந்த டெபியன், உபுண்டு முதலிய இயங்குதளங்களோ இதற்கு நேர்மாறானவை. அவற்றின் மூலநிரல் உலகத்தார் முன் விரித்து வைக்கப்பட்டிருக்கிறது.

இத்தகைய இயங்குதளங்கள் கணினியைத் தொழிலாகக் கொண்டோர்க்கு மட்டும் உரியனவா? அல்லது, கடிதம் எழுதவும், கணக்குப் பார்க்கவும், தொலைவில் வாழும் பேரப்பிள்ளையின் முகத்தைக் காணவும் கணினிமுன் அமரும் எளிய மனிதரையும் கருத்திற்கொண்டு அமைய வேண்டுமா? இவ்வினாவுக்கு விடை காண முயல்வோர் இரண்டு அச்சுப்பொறிகளின் வரலாற்றை முதலில் அறிதல் நலம்.

பூட்டிய பொறி

1980ஆம் ஆண்டையொட்டிய காலம். அமெரிக்காவின் மாசசூசெட்ஸ் தொழில்நுட்பக் கழகத்தில், செயற்கை நுண்ணறிவு ஆய்வுக்கூடத்தில், ரிச்சர்டு ஸ்டால்மன் என்னும் இளைஞர் நிரலராகப் பணியாற்றி வந்தார். அங்கிருந்த பழைய அச்சுப்பொறியில் தாள் அடிக்கடி சிக்கிக்கொள்ளும். தாள் சிக்கியதை அறியாமல் பலர் தத்தம் இருக்கையில் காத்திருப்பர். பொறியின் மென்பொருளைத் திருத்தும் உரிமை இருந்தமையால், தாள் சிக்கியவுடன் அச்சுக்குக் காத்திருப்போர் திரையில் செய்தி தோன்றுமாறு ஸ்டால்மன் செய்திருந்தார். யாரேனும் எழுந்து சென்று சிக்கலை நீக்குவர். வேலை நடந்தது.

பின்னர் ஜெராக்ஸ் நிறுவனம் புதிய லேசர் அச்சுப்பொறி ஒன்றை அவ்வாய்வுக்கூடத்திற்கு வழங்கியது. அது விரைவானது, அழகாக அச்சிடுவது. ஆனால் அதிலும் தாள் சிக்கியது. முன்போலவே திருத்தம் செய்ய ஸ்டால்மன் முனைந்தபோது, அப்பொறியின் மூலநிரல் கொடுக்கப்படவில்லை என்பது தெரிய வந்தது. கார்னகி மெலன் பல்கலைக்கழகத்தில் ஒருவரிடம் அம்மூலநிரல் இருப்பதாகக் கேள்வியுற்று அவரிடம் சென்று கேட்டார். அவரோ, எவர்க்கும் தருவதில்லை என நிறுவனத்துக்கு வாக்களித்திருப்பதாகக் கூறி மறுத்துவிட்டார். உடன் வாழ்வோர்க்கு உதவுவதில்லை என்று ஒருவர் முன்கூட்டியே ஒப்பந்தம் செய்துகொள்வதா என்னும் வேதனை ஸ்டால்மனின் உள்ளத்தில் ஆழப் பதிந்தது.

அந்த வேதனை ஓர் இயக்கமாக வளர்ந்தது. 1983ஆம் ஆண்டு செப்டம்பர்த் திங்களில், குனு என்னும் பெயரால் ஒரு முழுமையான கட்டற்ற இயங்குதளத்தை உருவாக்கப் போவதாக அவர் அறிவித்தார். 1985இல் கட்டற்ற மென்பொருள் அறக்கட்டளை தோன்றியது. 1989இல் குனு பொது உரிமம் வெளிவந்தது. மென்பொருளை எந்நோக்கத்திற்கும் இயக்கலாம். அதன் உள்ளமைப்பை ஆராய்ந்து தேவைக்கேற்பத் திருத்தலாம். படியெடுத்துப் பிறர்க்கு வழங்கலாம். திருத்திய வடிவையும் வழங்கலாம். இந்நான்கு உரிமைகளே அவ்வியக்கத்தின் உயிர்நாடி.

இங்கே ஒன்றைக் கூர்ந்து நோக்க வேண்டும். இந்நான்கையும் நிரலரின் உரிமைகள் என்று அவ்வியக்கம் கூறவில்லை. பயனரின் உரிமைகள் என்றே கூறியது. தொடக்க நாளிலேயே வாயிலில் பொறிக்கப்பட்ட சொல் ‘பயனர்’ என்பதுதான்.

தனக்கெனச் செய்த கருவி

1991ஆம் ஆண்டு ஆகஸ்டு 25ஆம் நாள், பின்லாந்து நாட்டின் ஹெல்சிங்கி பல்கலைக்கழகத்தில் பயின்ற லினஸ் டோர்வால்ட்ஸ் என்னும் இருபத்தொரு வயது மாணவர், தாம் ஓர் இயங்குதளத்தை உருவாக்கி வருவதாகக் கணினி ஆர்வலர்க்குத் தெரிவித்தார். அது வெறும் பொழுதுபோக்கு என்றும், பெரிதாக வளரக்கூடியது அன்று என்றும் அடக்கத்தோடு குறிப்பிட்டிருந்தார். அவருடைய எண்ணம் பொய்த்தது. 1992இல் அது குனு பொது உரிமத்தின்கீழ் வந்தது. குனு திட்டத்தின் கருவிகளும் லினக்ஸ் கருவும் இணைந்தபோது முழுமையான கட்டற்ற இயங்குதளம் பிறந்தது.

இன்று அதன் வளர்ச்சி வியப்புக்குரியது. உலகின் மிக விரைவான 500 மீக்கணினிகளின் பட்டியலில் உள்ள அனைத்தும் 2017ஆம் ஆண்டு நவம்பர் முதல் லினக்ஸிலேயே இயங்குகின்றன. இணையத்தைத் தாங்கும் வழங்கிகளுள் மிகப் பலவற்றில் இருப்பதும் அதுவே. எனினும் மேசைக் கணினிகளில் அதன் பங்கு, ஸ்டாட்கவுண்டர் கணக்கின்படி, 4 விழுக்காட்டைத் தாண்டியதே 2024ஆம் ஆண்டு பிப்ரவரித் திங்களில்தான். மலையைச் சுமக்கும் வல்லமை பெற்ற ஒன்று வீட்டுத் திண்ணையில் இடம்பெற ஏன் இத்துணைக் காலம் பிடித்தது?

காரணங்கள் பல. கடையில் வாங்கும் கணினியில் விண்டோஸ் முன்னதாகவே நிறுவப்பட்டு வருவது முதற்காரணம். பழகிய மென்பொருள்கள் லினக்ஸில் இயங்காமை மற்றொன்று. ஆனால் அதன் பிறப்பிலேயே அமைந்த காரணம் ஒன்றும் உண்டு. எரிக் ரேமண்டு என்னும் நிரலர் 1997இல் எழுதிய ஒரு கட்டுரையில், நல்ல மென்பொருள் எல்லாம் அதை எழுதுவோரின் சொந்தத் தேவையிலிருந்தே பிறக்கின்றன என்னும் கருத்தை வலியுறுத்தினார். அது பெரிதும் உண்மை. நிரலர்க்குத் தேவைப்பட்ட கருவிகள் யாவும் லினக்ஸில் செம்மையாக அமைந்தன. தம் உளிக்குத் தாமே பிடி போட்டுக்கொள்ளும் தச்சர், அது தம் கைக்கு இம்மியும் பிசகாமல் பொருந்துமாறு செய்துகொள்வார். ஆனால் தொட்டிலைத் தச்சரின் உடலுக்கு அளவெடுத்துச் செய்ய முடியாது. குழந்தையை அளந்துதான் செய்ய வேண்டும்.

திறந்திருந்தும் இயங்காத பொறி

இரண்டாவது அச்சுப்பொறியின் கதை 2004ஆம் ஆண்டில் நிகழ்ந்தது. அதே எரிக் ரேமண்டு, தம் இல்லத்தில் ஒரு கணினியுடன் இணைந்திருந்த அச்சுப்பொறியை, அதே இல்லத்தில் இருந்த மற்றொரு கணினியிலிருந்து பயன்படுத்த விரும்பினார். இரண்டிலும் இருந்தது கட்டற்ற மென்பொருளே. மறைக்கப்பட்டது எதுவும் இல்லை. மூலநிரல் முழுவதும் திறந்தே இருந்தது. அவரோ கணினித் துறையில் பல்லாண்டுப் பழக்கம் உடையவர்; திறமூல மென்பொருளின் பெருமையை உலகெங்கும் பரப்பியவர். இருந்தும், அந்த எளிய செயலைச் செய்து முடிக்க அவர் படாத பாடு பட்டார். அமைப்புத் திரையில் தோன்றிய வினாக்கள் பொறியின் உள்ளமைப்பை அறிந்தவர்க்கே விளங்குவனவாக இருந்தன. எதைத் தேர்ந்தால் என்ன நிகழும் என்னும் விளக்கம் இல்லை. உதவிக் குறிப்புகளும் கைகொடுக்கவில்லை.

அவர் சினந்து ஒரு கட்டுரை எழுதினார். தம்மைப் போன்றவரே இவ்வாறு இடர்ப்பட்டால் பிறர் என்ன ஆவர் என்பதே அதன் சாரம். பயனர் எதையும் அறியாமலே தம் வேலையை முடித்துக்கொள்ளும் வசதியைத் தருவது மென்பொருள் எழுதுவோரின் கடமை என்று அதில் அவர் வாதிட்டார். கணினி அறியாத எளிய பயனரைக் குறிக்க ‘டில்லி அத்தை’ என்றொரு கற்பனைப் பாத்திரத்தை அவர் சில ஆண்டுகளுக்கு முன்பே படைத்திருந்தார். லினக்ஸ் கருவைத் தொகுக்கும் வேலையைக்கூட டில்லி அத்தை செய்யக்கூடியதாக ஆக்க வேண்டும் என்று அவர் சொன்னபோது, அந்த அத்தைக்கு அவ்வேலை எதற்கு என்று நிரலர் பலர் நகைத்தனர். பின்னாளில் தம் வீட்டு அச்சுப்பொறியின்முன் அவரே டில்லி அத்தையாக நிற்க நேர்ந்தது.

முதற்பொறி பூட்டியிருந்தது, திறமை இருந்தும் திருத்த முடியவில்லை. இரண்டாம் பொறி திறந்திருந்தது. உரிமை இருந்தும் பயன்கொள்ள முடியவில்லை. இரண்டின்முன்னும் நின்ற மனிதர் வெறுங்கையோடு திரும்பும் நிலையிலேயே இருந்தார். உரிமையைப் பறிப்பது கொடுமை என்றால், கொடுத்த உரிமையை எட்டாத உயரத்தில் வைப்பதும் ஒரு குறையே அல்லவா?

மறுப்போர் கூறுவன

இக்கருத்தை மறுப்போரும் உளர். அவர்தம் கூற்று எளிதில் தள்ளத்தக்கதன்று.

“ஊதியம் பெறாமல், உறக்கம் துறந்து, எழுதியதை உலகுக்கு இலவசமாகக் கொடுத்தோம். கொடுத்ததற்காகக் கடன்காரர் ஆக்குவதா?” என்பது முதல் மறுப்பு. பொது உரிமமே, எவ்வித உத்தரவாதமும் இன்றியே மென்பொருள் வழங்கப்படுகிறது என்று தெளிவாகக் கூறுகிறது. கொடையாளியிடம் குறை சொல்லிச் சண்டையிடுவது பண்பாகாது.

“எளிமை வேண்டுவோர்க்கு விண்டோஸ் இருக்கிறது, ஆப்பிள் இருக்கிறது. எல்லாரும் ஒரே வீட்டில் குடியிருக்க வேண்டுமா?” என்பது இரண்டாம் மறுப்பு.

“எளிமை என்ற பெயரால் ஒவ்வொன்றாக நீக்கிக்கொண்டே போனால், அறிந்தோர்க்கும் பயன்படாமல் போகும்” என்பது மூன்றாம் மறுப்பு.

முதல் மறுப்பில் பெரும்பகுதி நியாயமே. தமக்கென எழுதி, வேண்டுவோர் எடுத்துக்கொள்க என்று வைத்துவிட்டுப் போனவர்மீது எக்கடனும் இல்லை. ஆனால், “வருக, இது உங்களுக்காகவே” என்று ஊரை அழைத்தவர் நிலை வேறு. டெபியன் இயங்குதளத்தார் 1997இல் வெளியிட்ட சமூக ஒப்பந்தத்தில், தம் பயனரும் கட்டற்ற மென்பொருளுமே தமக்கு முதன்மை என்று தாமே எழுதி வைத்தனர். அதற்கு முந்திய ஆண்டில், ஜெர்மனியின் டூபிங்கன் பல்கலைக்கழக மாணவர் மத்தியாஸ் எட்ரிக், நிரலுக்கு நிரல் தோற்றமும் செயலும் மாறுபடுவதால் எளிய பயனர் குழம்புவதைச் சுட்டிக்காட்டி, கேடிஈ என்னும் ஒருங்கிணைந்த மேசைத்தளத்தைத் தொடங்கினார். 1997இல் மெக்சிகோ நாட்டு இளைஞர்களாகிய மிகேல் டி இக்காசாவும் பெடெரிக்கோ மேனாவும் குனோம் திட்டத்தைத் தொடங்கினர். தென்னாப்பிரிக்கரான மார்க் ஷட்டில்வொர்த் 2004ஆம் ஆண்டு அக்டோபரில் வெளியிட்ட உபுண்டு, மனிதர்க்கான லினக்ஸ் என்றே தன்னை அறிமுகப்படுத்திக்கொண்டது. கேட்டோர்க்கெல்லாம் அதன் குறுவட்டுகளை 2011 வரை அஞ்சல் செலவும் பெறாமல் அனுப்பி வைத்தனர். உபுண்டு என்னும் ஆப்பிரிக்கச் சொல் பிறரிடத்துக் காட்டும் மனிதநேயத்தைக் குறிப்பது. இவர்கள் யாவரும் தாமே விரும்பி எளிய மனிதரை அழைத்தவர்கள். அழைத்தபின் படி அமைப்பது சலுகை ஆகாது. சொன்ன சொல்லைக் காப்பதே ஆகும்.

இரண்டாம் மறுப்பு கேட்பதற்கு நயமாக இருப்பினும் உள்ளே வெறுமையானது. எளிமையை நாடி ஒருவர் வேறு வீட்டுக்குச் செல்லும்போது, அந்த நான்கு உரிமைகளையும் வாயிலிலேயே விட்டுவிட்டுச் செல்கிறார். மூலநிரல் படிக்கத் தெரிந்தவர்க்கு உரிமை, தெரியாதவர்க்கு அடிமை என்றால், அதை உரிமை என்று அழைப்பதைவிடச் சாதிப்பெருமை என்று அழைப்பதே பொருந்தும். சட்டம் அனைவர்க்கும் பொது என்று கூறிவிட்டு, அதைச் சிலர்க்கே விளங்கும் மொழியில் எழுதி வைத்த காலங்கள் உலக வரலாற்றில் உண்டு. அக்காலங்களை எவரும் விடுதலைக் காலங்கள் என்று போற்றுவதில்லை.

எளிமை மூவகை

மூன்றாம் மறுப்பே ஆழ்ந்து எண்ணத்தக்கது. எளிமை எனப்படுவது ஒன்றன்று. மூன்றாகப் பகுத்துக் காணத்தக்கது.

ஒன்று, குறைத்தலால் வரும் எளிமை. 2011ஆம் ஆண்டு ஏப்ரலில் வெளிவந்த குனோம் மூன்றாம் பதிப்பு இதற்குச் சான்று. பயனர் பல்லாண்டு பழகிய முகப்பு முற்றும் மாற்றப்பட்டது. சாளரத்தைச் சுருக்கும் பொத்தான்கூட இயல்பமைப்பில் நீக்கப்பட்டது. லினக்ஸைப் படைத்த டோர்வால்ட்ஸே அதை வெளிப்படையாகக் கண்டித்து வேறொரு மேசைத்தளத்துக்கு மாறிச் சென்றார். பின்னரே திரும்பி வந்தார். பழைய முகப்பை விரும்பியோர் மாத்தே, சின்னமன் முதலிய கிளைகளைத் தோற்றுவித்தனர். படியெடுத்துத் திருத்தி வழங்கும் உரிமை இருந்தமையால்தான் அது இயன்றது என்பதும் மறக்கத்தக்கதன்று.

மற்றொன்று, மறைத்தலால் வரும் எளிமை. இன்று உலகில் கோடிக்கணக்கானோர் லினக்ஸ் கருவைத் தம் சட்டைப்பையில் சுமந்து திரிகின்றனர். ஆண்ட்ராய்டு கைப்பேசியின் அடியில் இருப்பது அதுவே. 2013ஆம் ஆண்டு முதல் மலேசியப் பள்ளிகளுக்கு வந்த குரோம்புக் கணினிகளின் அடியில் இருப்பதும் அதுவே. தொட்டால் இயங்குகின்றன, குழந்தையும் கையாளுகிறது. ஆயினும், மூடியைத் திறந்து திருத்தும் உரிமை பயனர் கையில் எந்த அளவு இருக்கிறது? பல கைப்பேசிகளில் இயங்குதளத்தை மாற்ற முடியாமல் பூட்டு இடப்பட்டிருக்கிறது. குரோம்புக்கிலோ புதுப்பிப்பு நிற்கும் நாள் முன்பே குறிக்கப்பட்டிருக்கிறது. மேசைக் கணினிச் சந்தையில் மைக்ரோசாப்ட் பெரும்பங்கு வகிப்பதே தம் முதற்பிழை என்று உபுண்டு இயக்கத்தார் 2004இல் பதிவு செய்திருந்தனர். 2013இல் அப்பிழை தீர்ந்ததாகக் கணக்கை முடித்தனர். மேசைக் கணினியில் உபுண்டு வென்றதால் முடித்ததன்று. கைப்பேசியும் கைக்கணினியும் வந்து சந்தையின் நிலையே மாறிவிட்டமையால் முடித்தனர். கருவி எளிய மக்களைச் சென்றடைந்தது. உரிமை அதனுடன் சென்றதா என்பது ஐயத்திற்குரியது.

மூன்றாவது, படி அமைத்தலால் வரும் எளிமை. இதுவே வேண்டத்தக்கது. ஆத்திசூடியைச் சிறுவர் நாவில் நிற்கும் சிறு சிறு தொடர்களால் ஔவையார் ஆக்கினார். அதனால் ஔவையாரின் புலமை குறைந்தது என்று எவரும் கூறியதில்லை. ஆத்திசூடியைக் கற்ற சிறுவன் அங்கேயே நின்றுவிட வேண்டும் என்று எவரும் தடுத்ததும் இல்லை. அதன்மேல் குறள், அதன்மேல் இலக்கணம், அதன்மேல் காப்பியம் என்று படிகள் தொடர்கின்றன. நல்ல இயங்குதளமும் அத்தகையதே. முதற்படி தாழ்வாக இருக்க வேண்டும்; ஏற விரும்புவோர்க்கு மேற்படிகள் அடைபடாமல் இருக்க வேண்டும். முதல்நாள் கடிதம் எழுதிய அதே கணினியில், ஐந்தாண்டு கழித்து அதே மாணவன் நிரல் எழுதத் தடை இருத்தல் ஆகாது.

உட்கார்ந்து பார்க்கும் பொறுமை

படி அமைப்பது எங்ஙனம்? ஆசிரியர் பயிற்சியில் முதலில் சொல்லித்தரப்படும் உண்மை ஒன்று உண்டு. வகுப்பில் ஒரு மாணவன் தவறினால் அவன் கற்கவில்லை எனலாம். வகுப்பே ஒரே இடத்தில் தவறினால் கற்பித்ததில்தான் குறை இருக்கிறது.

இவ்வுண்மை மென்பொருளுக்கும் பொருந்தும். 2001ஆம் ஆண்டில் சன் மைக்ரோசிஸ்டம்ஸ் நிறுவனத்தார் பயனர் சிலரைக் குனோம் மேசைத்தளத்தின்முன் அமர்த்தி, சில எளிய வேலைகளைக் கொடுத்து, அவர்கள் எங்கெங்கே தடுமாறுகின்றனர் என்று குறித்துக்கொண்டனர். எழுதியோர்க்கு வெளிச்சமாகத் தோன்றிய பல இடங்கள் பயனர்க்கு இருட்டாக இருந்தன. அடுத்த ஆண்டே, முகப்பு எவ்வாறு அமைய வேண்டும் என்னும் வழிகாட்டி நூல் ஒன்றைக் குனோம் திட்டத்தார் வெளியிட்டனர். பயனரைப் பார்த்து நகைப்பதற்குப் பதிலாகப் பயனரின் அருகில் அமர்ந்து பார்த்ததால் விளைந்த நன்மை அது.

கேரள மாநிலம் வேறொரு பாடத்தைத் தருகிறது. அங்கே 2001இல் பள்ளிகளுக்கெனத் தகவல் தொழில்நுட்பத் திட்டம் தொடங்கப்பட்டு, பின்னர்ப் படிப்படியாகக் கட்டற்ற மென்பொருளுக்கு மாறியது. பாடத்திட்டத்திற்கேற்ப இயங்குதளத்தைத் தாமே தொகுத்துக்கொண்டனர்; மலையாள வசதிகளைச் சேர்த்துக்கொண்டனர். அவற்றினும் மேலாக, ஆசிரியர்களுக்குப் பயிற்சி அளித்து, பயிற்சி பெற்றோரைக் கொண்டே பிற ஆசிரியர்களைப் பயிற்றுவித்தனர். 2018இல் மாணவர்க்கென்றே கழகங்கள் அமைந்தன. ஓர் ஊரில் ஒருவர்க்குச் சிக்கல் நேர்ந்தால் அருகிலேயே கேட்டறிய ஒருவர் இருந்தார். மென்பொருளின் படிகளுள் மிக வலியது மனிதனே என்பதை அம்மாநிலம் மெய்ப்பித்தது.

ஜெர்மனியின் மியூனிக் மாநகராட்சியின் அனுபவமும் எண்ணத்தக்கது. 2003இல் லினக்ஸுக்கு மாற முடிவெடுத்து, 2013க்குள் ஏறத்தாழ 15,000 கணினிகளை அவர்கள் மாற்றினர். ஆனால் வெளியிலிருந்து வரும் ஆவணங்கள் பொருந்தாமையும், ஊழியர் சிலரின் மனக்குறையும், ஆட்சி மாற்றமும் ஒன்றுசேர, 2017இல் விண்டோஸுக்குத் திரும்ப முடிவு செய்தனர். 2020இல் வந்த ஆட்சிக் கூட்டணியோ மீண்டும் திறமூல மென்பொருளுக்கு முன்னுரிமை தர உடன்பட்டது. ஆணையால் மாற்றப்பட்டது ஆணையாலேயே மாறும். மலேசியாவிலும் 2004இல் அரசுத்துறைத் திறமூல மென்பொருளுக்கென ஒரு பெருந்திட்டம் வகுக்கப்பட்டது. திட்டம் ஏட்டில் இருந்தால் மட்டும் போதாது. நாற்காலியில் அமர்ந்து நாள்தோறும் தட்டச்சு செய்யும் எழுத்தரின் மனம் அதை ஏற்க வேண்டும்.

ஏறுவோரின் கடன்

படி அமைப்போர்க்குக் கடன் உண்டெனில், ஏறுவோர்க்கும் கடன் உண்டு. அதை மறந்தால் வழக்கில் ஒரு பக்கத்தை மட்டும் கேட்டதாக முடியும்.

2024ஆம் ஆண்டு மார்ச்சுத் திங்களில் உலகை அதிரவைத்த நிகழ்ச்சி ஒன்று நடந்தது. கோப்புகளைச் சுருக்கும் ‘எக்ஸ்இசட்’ என்னும் சிறு மென்பொருளைப் பல்லாண்டுகளாகப் பெரும்பாலும் ஒருவரே ஊதியமின்றிப் பேணி வந்தார். அவர் உடலும் உள்ளமும் தளர்ந்திருந்த வேளையில், முன்பின் அறியாத பெயர்களில் சிலர், வேலை ஏன் இவ்வளவு தாமதம், பொறுப்பை வேறொருவரிடம் கொடுத்தால் என்ன என்று நெருக்கினர். உதவ வந்தவர்போல் நம்பிக்கை பெற்ற ஒருவரிடம் பொறுப்பைப் பகிர்ந்தார். அவரோ அதில் திருட்டு வாயில் ஒன்றை நுழைத்துவிட்டார். கணினிக்குள் நுழைய அரை நொடி கூடுதலாவதைக் கவனித்த ஆண்ட்ரெஸ் பிராயுண்டு என்னும் பொறியாளர் அதைக் கண்டறிந்தார். மூலநிரல் திறந்திருந்தமையால்தான் அவர் அதைத் துருவிப் பார்க்க முடிந்தது. எனினும், தனியொருவரின் தோளில் உலகமே ஏறி அமர்ந்துகொண்டு, ‘இன்னும் விரைவாக நட’ என்று அதட்டினால் என்ன ஆகும் என்பதற்கு அந்நிகழ்ச்சி என்றும் ஒரு பாடம்.

நிரல் எழுதத் தெரியாதவர் என்ன கைம்மாறு செய்ய முடியும் என்று கேட்கலாம். நிரம்பச் செய்யலாம். பிழை கண்டால், ‘வேலை செய்யவில்லை’ என்று சலித்துக்கொள்ளாமல், எதைச் செய்தபோது என்ன நிகழ்ந்தது என்று தெளிவாக எழுதி அனுப்பலாம். தாம் இடறிய இடத்தைப் பிறர் இடறாதவாறு குறிப்பெழுதலாம். இயன்ற பொருளுதவி செய்யலாம். மொழிபெயர்க்கலாம். கேடிஈ, குனோம், லிப்ரே ஆபீஸ், பயர்பாக்ஸ் முதலியவற்றின் முகப்பைத் தமிழில் காண முடிகிறதென்றால், அது பல நாடுகளில் வாழும் தமிழ்த் தன்னார்வலர் தம் ஓய்வு நேரத்தில் செய்த தொண்டு. ‘கோப்பு’, ‘திருத்து’, ‘உதவி’ என்று எழுத மூலநிரல் கற்க வேண்டியதில்லை. தமிழ் கற்றிருந்தால் போதும். எந்த நிறுவனத்தின் இலாபக் கணக்கும் ஒரு சிறுமொழியைப் பொருட்படுத்தாத இடத்தில், கதவு திறந்திருந்தமையால் அம்மொழி பேசுவோர் தாமே நுழைந்து தம் மொழியை அமர்த்தினர். தமிழில் ஒரு படி அமைந்ததும் அவ்வாறே.

இன்றைய தேவை

இவ்வழக்கு ஏட்டளவில் நிற்கும் வழக்காக இருந்திருந்தால் அதை அறிஞர் மன்றத்துக்கே விட்டுவிடலாம். ஆனால் 2025ஆம் ஆண்டு அக்டோபர் 14ஆம் நாளுடன் விண்டோஸ் 10 இயங்குதளத்துக்கான பொது ஆதரவு முடிவுற்றது. அதன் அடுத்த பதிப்பு வேண்டும் பாதுகாப்பு உறுப்புகள் பழைய கணினிகள் பலவற்றில் இல்லை. திரை ஒளிர்கிறது, விசைகள் இயங்குகின்றன, நினைவகம் பழுதின்றி இருக்கிறது. இருந்தும், காலாவதி ஆயின என்று அவை ஒதுக்கப்படுகின்றன. வசதி மிக்க வீட்டுக்கு இது பெரிய செய்தி அன்று. புதியது ஒன்று வாங்கப்படும். ஒரே கணினியில் மூன்று பிள்ளைகள் முறைவைத்துப் படிக்கும் வீட்டுக்கும், நன்கொடையாகப் பெற்ற பழங்கணினிகளைக் கொண்டு ஓர் அறையை நடத்தும் சிறு பள்ளிக்கும் இது பெரிய செய்தி.

அத்தகைய கணினிகளுள் பலவற்றுக்குக் கட்டற்ற இயங்குதளம் மறுவாழ்வு அளிக்கும். அதை நிறுவிவிடலாம். அதன்முன் அமரும் பத்து வயதுச் சிறுமி, வீட்டுப்பாடத்தை அச்சிட விரும்பும்போது என்ன காண்பாள் என்பதே கேள்வி. புரியாத சொற்கள் நிறைந்த ஒரு திரையைக் கண்டால், ‘இது எனக்கு உரியதன்று’ என்னும் பாடத்தையே அவள் முதலில் கற்பாள். பின்னர் எத்தனை உரிமங்கள் அவளுக்கு உரிமை தந்தாலும் அவள் அவற்றைத் தேடி வரப் போவதில்லை.

நல்ல வேளையாக, படிகள் அமைக்க இயலாதவை அல்ல. 2004இல் ரேமண்டைத் திணறடித்த அதே அச்சு மென்பொருள் அதன்பின் பெரிதும் திருந்தியது. ஆப்பிள் நிறுவனமும் அதையே தன் கணினிகளில் பயன்படுத்தியது. கைப்பேசியிலிருந்து நேரே அச்சிடும் வழக்கம் 2010க்குப் பின் பெருகியமையால், அச்சுப்பொறிகளும் பொதுவான ஒரு மொழி பேசத் தொடங்கின. இன்று புதிய அச்சுப்பொறிகள் பலவற்றை லினக்ஸ் கணினி தானே கண்டறிந்து அச்சிடுகிறது. சினம், பொறுமை, பலருடைய உழைப்பு ஆகியவை சேர்ந்து ஒரு படியை அமைத்தன. அப்படியால் வல்லுநர் எவரும் எதையும் இழந்துவிடவில்லை. அவர்களுக்கும் ஓர் இரவு உறக்கம் மிஞ்சியது.

ஆதலின் அவ்வழக்குக்குத் தீர்ப்பு இதுவாகவே இருக்க முடியும். கதவைத் திறந்தவர் செய்தது பேரறம். அவ்வறம் இன்றேல் படியைப் பற்றிப் பேச இடமே இல்லை. ஆயினும், திறந்த கதவை நோக்கி ஊரை அழைத்தபின் படி அமைத்தல் அவ்வறத்தின் மறுபாதி. படி அமைக்கக் கல் சுமப்பது கீழே நிற்போர்க்கும் உரிய பணி. மேலிருந்து ஒரு கையும் கீழிருந்து ஒரு கையும் நீளுமானால், அந்நூலகத்துக்குள் முதியவரும் நுழைவர், சிறுவரும் நுழைவர். அவருள் ஒருவர் நாளை மேலும் ஒரு படியைக் கட்டுவார்.